சாட்சிகள் ஆளுக்கு ஒன்று சொன்னால் யாரை நம்புவது? ஒரு திருட்டு வழக்கை வைத்து எளிய விளக்கம்

நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹூகோ மூன்ஸ்டர்பெர்க் என்று ஓர் உளவியல் பேராசிரியர் இருந்தார். ஒரு கோடையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்த சமயம், நகரத்தில் பூட்டிக் கிடந்த அவர் வீட்டில் திருட்டு நடந்துவிட்டது. ஆள் பிடிபட்டான். களவுபோன பொருளில் ஒரு பகுதியும் அவனிடம் இருந்தது. பேராசிரியரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு அவர் சொன்னது இது. திருடர்கள் நிலவறை ஜன்னல் வழியாக வந்தார்கள். இரண்டாம் தளத்தில் மெழுகு சொட்டியிருந்தது, ஆகவே வந்தது இரவில். பெரிய கடிகாரம் ஒன்றைப் பொட்டலத் தாளில் சுற்றிச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆகவே மறுபடி வரும் உத்தேசம் இருந்திருக்கிறது. காணாமல்போன துணிமணிகள் போலீசிடம் கொடுத்த பட்டியலில் உள்ளவை மட்டும்தான்.

சில நாளில் அவருக்கே தெரிந்தது, ஒன்றுகூடச் சரியில்லை என்று. திருடன் வந்தது ஜன்னல் வழியாக அல்ல, நிலவறைக் கதவின் பூட்டை உடைத்து. மெழுகு சொட்டியிருந்தது கூரையடி அறையில். கடிகாரத்தைச் சுற்றியிருந்தது தாள் அல்ல, மேஜை விரிப்பு. துணிப் பட்டியலில் இன்னும் ஏழு உருப்படி சேர்க்க வேண்டியிருந்தது. சாட்சியம் முழுக்க ‘இரண்டு திருடர்கள்’ என்றே பேசியவருக்கு, ஒருவனுக்கு மேல் வந்தானா என்பதே உண்மையில் தெரியாது. 1908-ல் வந்த தன் நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். ஞாபக மறதிக்காரர் என்று தள்ளிவிடவும் முடியாது. பதினெட்டு வருஷத்தில் ஏறக்குறைய மூவாயிரம் விரிவுரைகளைக் கையில் ஒரு குறிப்புச் சீட்டுகூட இல்லாமல் நடத்தியவர் அவர்.

சரி, இப்போது ஒரு கேள்வி. இவ்வளவு தப்பாகச் சொன்னாரே, அதனால் பிடிபட்டவன் நிரபராதி ஆகிவிடுவானா?

ஆகமாட்டான். பொருள் அவனிடம் இருந்தது. ஜன்னலா கதவா, தாளா விரிப்பா என்பதெல்லாம் அதைத் தொடவில்லை. ஆனால் ‘இரண்டு பேர்’ என்ற அந்த ஒரு வார்த்தை அப்படிப்பட்டதல்ல. அதை நம்பி இன்னொருவனையும் பிடித்துக் கூண்டில் ஏற்றியிருந்தால், சம்பந்தமே இல்லாத ஒருவன் சிறைக்குப் போயிருக்கக்கூடும். ஐந்து பிழைகளும் ஒரே மனிதனின் ஒரே நினைவிலிருந்து வந்தவைதான். ஆனால் வழக்கில் அவற்றின் எடை ஒன்றல்ல. முரண்பட்ட சாட்சியத்தை எடைபோடுவது என்றால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான். சாட்சி பொய்யரா மெய்யரா என்று முத்திரை குத்துவது அதில் ஒரு சின்னப் பகுதி.

கற்பனையாக ஒரு வழக்கு

நம் ஊர் நீதிமன்றத்தில் இது எப்படி நடக்கும் என்று பார்க்க, கணக்குப் புத்தகத்தில் வருவதுபோல நாமே ஒரு வழக்கை அமைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரம். ஒரு குடும்பம் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் காலை திரும்புகிறது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை யாரோ நெம்பியிருக்கிறார்கள். பீரோ திறந்து கிடக்கிறது. நகை இல்லை.

எதிர்வீட்டுப் பாட்டி சொல்கிறார்: “ராத்திரி ஒரு மணி இருக்கும். வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன் பையோட நடந்து போனான்.” தெருமுனை ஏ.டி.எம். காவலாளி சொல்கிறார்: “இரண்டரை மணி. ரெண்டு பேர், பைக்கில் போனாங்க. முன்னாடி இருந்தவன் நீலச் சட்டை.” பால்காரர் சொல்கிறார்: “நாலு மணிக்கு அந்தக் கொல்லைப் பக்கமாத்தான் வந்தேன். கதவு மூடித்தான் இருந்தது.” வீட்டுக்காரர் புகாரில் 11 பவுன் என்று எழுதிக் கொடுத்தவர், நீதிமன்றத்தில் 14 பவுன் என்கிறார். திருட்டு நடந்து இரண்டு நாள் கழித்து ஓர் இளைஞர் ஆரம் ஒன்றை அடகு வைத்ததாக அடகுக் கடைக்காரர் போலீசிடம் சொன்னார். கூண்டில் ஏறியதும், “வந்தது இவர்தானா, தெரியலைங்க” என்கிறார். கைதான இளைஞரின் மச்சானோ, “அன்னிக்கு ராத்திரி மாப்பிள்ளை எங்க ஊர்த் திருவிழாவில் என்கூட இருந்தார்” என்கிறார். அந்த ஊர் 15 கிலோமீட்டர் தள்ளி.

முதல் தடவை படிப்பவருக்கு, இதில் பாதிப் பேராவது பொய் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

தலையை எண்ணாதீர்கள்

எல்லோரும் முதலில் செய்கிற தவறு, ‘எத்தனை பேர் இப்படிச் சொன்னார்கள், எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள்’ என்று எண்ணுவது. நம் சட்டம் இதை வெளிப்படையாகவே ஒதுக்கிவிட்டது. எந்த விஷயத்தையும் நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று கணக்குக் கிடையாது. 1872-ன் சாட்சியச் சட்டத்தில் 134-ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 139-ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது.

இதற்கு எடுத்துக்காட்டாக நாடு முழுக்க இன்றும் சொல்லப்படும் தீர்ப்பு, அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து போன வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957-ல் கொடுத்தது. அது கொலை வழக்கு. கண்ணால் கண்டவர் ஒரே ஒருவர். ஒருவரை நம்பித் தண்டிக்கலாமா என்ற கேள்விக்கு, சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்து நீதிமன்றம் பதில் சொன்னது. முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டிலும் சேராதவர். முதல் இரண்டு வகையில் சிக்கல் இல்லை. முழுக்க நம்பத்தக்கவர் என்றால் ஒருவரே போதும். நம்பத்தகாதவர் பத்துப் பேர் வந்தாலும் பிரயோஜனமில்லை. தலைவலி மூன்றாம் வகையில்தான். அவர்கள் சொல்வதற்கு வேறொரு இடத்திலிருந்து ஆதாரம் தேட வேண்டும். நடைமுறையில் கூண்டு ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த மூன்றாம் வகைதான் என்பது என் எண்ணம். நம் பாட்டியும் காவலாளியும் நிச்சயமாக இதில்தான் வருவார்கள்.

‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’

பாட்டி ஒரு மணி என்கிறார், காவலாளி இரண்டரை என்கிறார். இடையில் ஒன்றரை மணி நேரம். சராசரி எடுத்து ஒன்றே முக்கால் என்று வைத்துக்கொள்வது அபத்தம். கேட்க வேண்டியது இது ஒன்றுதான்: மணி என்ன என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

காவலாளிக்கு முன்னால் சுவர்க் கடிகாரம் இருந்திருக்கலாம், கைப்பேசி இருந்திருக்கலாம். பாட்டி கடிகாரமே பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறி நின்று புழுக்கத்தில் எழுந்தவர், காற்றுக்காக ஜன்னலோரம் வந்து உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது, தெரு வெளிச்சமானது, அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தார். ‘ஒரு மணி’ என்பது அவருடைய குத்துமதிப்பு. ஆனால் ‘கரண்ட் வந்ததும் பார்த்தேன்’ என்பது அவர் கண்ட விஷயம். மின்வாரியத்தின் பதிவேட்டில் அன்றிரவு 2.10-க்குப் போன மின்சாரம் 2.25-க்குத் திரும்பியதாக இருந்தால், பாட்டிக்கும் காவலாளிக்கும் இடையிலிருந்த முரண்பாடு கரைந்துவிடும். அதோடு ஒருவர் சொன்னதை இன்னொருவர் தாங்கிப் பிடிக்கவும் தொடங்கிவிடுவார்.

சாட்சி மணியாகச் சொல்வதை விட்டுவிட்டு, அந்த மணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியைப் பிடிக்க வேண்டும். பாசஞ்சர் ரயில் போன சத்தம், பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி, கடைசி பஸ். உச்ச நீதிமன்றமும் 1983-ல் பர்வாடா போகின்பாய் என்ற குஜராத் வழக்கில் இதைச் சொன்னது. நேரத்தையும் கால அளவையும் மக்கள் பெரும்பாலும் ஊகித்தே சொல்கிறார்கள், அதில் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. சாட்சியின் நினைவு ஒன்றும் வீடியோ டேப் அல்ல, ஓட்டிக் காட்டுவதற்கு.

சட்டை நிறத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கற்பனை வழக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வெள்ளை என்கிறார் ஒருவர், நீலம் என்கிறார் இன்னொருவர். வேறு வேறு ஆளாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் கம்பத்தில் இருந்தது என்ன விளக்கு என்று பார்க்க வேண்டும். மஞ்சளாக எரியும் பழைய சோடியம் விளக்கின் கீழ் நிறங்கள் ஒழுங்காகத் தெரியாது. வெளிர்நீலச் சட்டை சாம்பலாகவோ அழுக்கு வெள்ளையாகவோ தோன்றலாம். ஏ.டி.எம். வாசலில் வெள்ளை விளக்கு எரியும், அங்கே நீலம் நீலமாகவே தெரியும்.

அதோடு நிற்கவில்லை. சோடியம் விளக்கு அணைந்து கரண்ட் திரும்பினால் உடனே பிரகாசமாக எரியாது. பற்றிய பிறகு முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிஷம் ஆகும். கரண்ட் வந்த உடனே பாட்டி முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார். எல்.இ.டி. விளக்காக இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, அது உடனே எரிந்துவிடும். புலனாய்வு அதிகாரி சம்பவ இடத்தில் தயாரிக்கும் பார்வை மகஜரிலும் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் ஆவணம்) மாதிரி வரைபடத்திலும் கம்பம் எங்கே, விளக்கு என்ன வகை, ஜன்னலுக்கும் தெருவுக்கும் எத்தனை அடி என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் பாட்டி எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் அதை உரசிப் பார்க்க வழியில்லை. வழக்கு தோற்கிற இடம் பல சமயம் சாட்சியின் வாய் அல்ல, இப்படி எழுதாமல் விட்ட ஒரு வரி.

இரவில் பார்த்த முகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் டர்ன்புல் என்பவரின் வழக்கில் 1976-ல் சில கேள்விகளை வகுத்தது. எவ்வளவு நேரம் பார்த்தார்? எவ்வளவு தூரத்தில்? வெளிச்சம் எப்படி? நடுவில் மறைப்பு இருந்ததா? முன்பே தெரிந்த ஆளா? பார்த்ததற்கும் அடையாளம் காட்டியதற்கும் இடையே எத்தனை நாள்? முதலில் சொன்ன அங்க அடையாளமும் ஆளின் உண்மையான தோற்றமும் ஒத்துப்போகிறதா? நெருங்கிய உறவினர், நண்பர்களைக்கூட மனிதர்கள் தவறாக அடையாளம் காண்பதுண்டு என்றும் அந்தத் தீர்ப்பு எச்சரித்தது. கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தட்டிவிட்டு, திரும்பிய முகம் வேறொன்றாக இருந்து அசடு வழிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். நானும் அந்தச் சங்கத்தில் உறுப்பினன்.

நம் ஊரில் இதற்காகத்தான் அடையாள அணிவகுப்பு. ஒத்த தோற்றமுள்ள பலரோடு கைதானவரையும் நிறுத்தி, குற்றவியல் நடுவர் முன்னிலையில் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வார்கள். ஆனால் அது புலனாய்வுக்கு உதவும் ஒரு சோதனைதான். சாட்சியமாக நிற்பது நீதிமன்றத்தில் காட்டும் அடையாளம் என்று உச்ச நீதிமன்றம் மல்கான்சிங் வழக்கில் 2003-ல் சொல்லியிருக்கிறது. இதற்கிடையில் காவல் நிலையத்தில் ஆளை முன்கூட்டியே காட்டிவிட்டாலோ, படம் பேப்பரில் வந்துவிட்டாலோ அணிவகுப்பு வெறும் சடங்கு. சாட்சி அடையாளம் காட்டுவது திருடனையா, பேப்பரில் பார்த்த படத்தையா என்று அவருக்கே தெரியாது.

கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பதில்

1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கார்கள் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ற பொருள்தரும் சொல், சிலரிடம் ‘தொட்டபோது’ என்ற மென்மையான சொல். முதல் கூட்டம் சொன்ன சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 41 மைல், அடுத்தது 32. இன்னொரு குழுவிடம் ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘நொறுங்கிய’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள். ‘இடித்த’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

இது ஆங்கிலத்தில் செய்த சோதனை. தமிழில் நிலைமை இன்னும் வில்லங்கம். நம் வினைச்சொல்லே ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று சொல்லிவிடும். ‘எந்தப் பக்கம் போனான்?’ என்று கேட்டால் ஆண், ஒருவன் என்று கேட்பவரே முடிவுகட்டியாயிற்று. ‘எந்தப் பக்கம் போனாங்க?’ என்று கேட்டால் பல பேர். இல்லை, மரியாதைக்குரிய ஒருவர். இல்லை, ஒரு பெண்மணி. பேச்சில் மூன்றுக்கும் ஒரே வடிவம். சாட்சி “போனாங்க” என்று பதில் சொல்ல, எழுதுகிற போலீஸ்காரர் எழுத்துத் தமிழில் ‘சென்றார்கள்’ என்று மாற்ற, பேப்பரில் ‘மர்ம நபர்கள்’ என்று வர, யாரும் பொய் சொல்லாமலேயே ஒரு திருடன் இரண்டாகிவிடுவான். செய்திகளில் வரும் மர்ம நபர் பெரும்பாலும் பன்மையிலேயே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே, சாட்சி ‘ரெண்டு பேர்’ என்று தன் வாயால் எண்ணிச் சொன்னாரா, ‘போனாங்க’ என்பதிலிருந்து எண்ணிக்கை பிறந்ததா என்று பார்ப்பது அவசியம். நம் காவலாளி எண்ணிச் சொன்னவர்.

அப்படியானால் பாட்டி பார்த்த ‘ஒருத்தன்’? அதுவும் பொய்யில்லை. ஜன்னலிலிருந்து தெரிவது தெருவின் ஒரு துண்டு. நடந்து போனவன் முனையில் பைக்கோடு காத்திருந்தவனிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம். பால்காரர் சொன்ன மூடிய கதவும் இப்படித்தான். ‘மூடியிருந்தது’ வேறு, ‘தாழ்ப்போட்டிருந்தது’ வேறு. போகும்போது கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போகிற அளவுக்கு விவரம் தெரிந்த திருடர்கள் உண்டு. இருட்டில் கேனோடு போகிறவர் கதவைத் தள்ளிப் பார்க்கப் போவதில்லை.

அன்று சொன்னதும் இன்று சொல்வதும்

சாட்சிகளுக்குள் வரும் முரண்பாடு ஒன்று. ஒரே சாட்சி தனக்குத் தானே முரண்படுவது இன்னொன்று. வீட்டுக்காரரின் 11 பவுன், 14 பவுன் அந்த ரகம்.

விசாரணையின்போது சாட்சிகள் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொள்ளும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161-ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 180. அதில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை, போடவும் கூடாது. அந்த வாக்குமூலத்தை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது. அதற்கு இருக்கும் முக்கியமான வேலை, நீதிமன்றத்தில் வேறு மாதிரி சொன்னால் ‘அன்று இப்படிச் சொன்னீர்களே’ என்று சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்குவது. அதற்கும் முறை உண்டு. எந்த வரி முரண்படுகிறதோ அந்த வரியைச் சாட்சிக்குச் சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால், எழுதிய அதிகாரி கூண்டுக்கு வரும்போது அவரிடமும் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். இந்த இரண்டாம் படியை மறந்துவிட்டால் முரண்பாடு காற்றில் போய்விடும்.

அன்று சொல்லாமல் விட்டதை இன்று புதிதாகச் சொன்னால்? அதை விடுபாடு என்பார்கள். எல்லா விடுபாடும் முரண்பாடு ஆகாது. வழக்கின் முக்கியமான இடத்தில், சொல்லாமல் விட வாய்ப்பே இல்லாத விஷயம் விடுபட்டிருந்தால்தான் அது முரண்பாட்டுக்குச் சமம். 1959-ல் தஹ்சில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக அலசியிருக்கிறது. பாட்டி முதலில் பையைப் பற்றிச் சொல்லாமல் பிறகு சொன்னால் பரவாயில்லை. முதலில் ‘முகம் தெரியவில்லை’ என்றவர், ஒரு வருஷம் கழித்து ‘இவனேதான்’ என்றால் பரவாயில்லை என்று விடமுடியாது.

இயல்பான பிசகு எது, உயிர்நாடியைத் தொடும் முரண்பாடு எது என்று பிரிப்பதற்கு 1981-ல் ராஜஸ்தானிலிருந்து வந்த கல்கி வழக்குத் தீர்ப்பை வழக்கறிஞர்கள் இன்றும் நீட்டுவார்கள். பார்ப்பதில் வரும் பிழை, நாளாவதால் வரும் மறதி, அதிர்ச்சியில் வரும் குழப்பம் எல்லாம் இயல்பானவை. நேர்மையான சாட்சியிடமும் இவை இருக்கும். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாட்டியும் காவலாளியும் பால்காரரும் ஒரே நேரம், ஒரே சட்டை, ஒரே வாசகம் சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் கூடியிருக்கும். வேறு வேறு இடத்தில் நின்றவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்க வழியில்லை. யாரோ உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வீட்டுக்காரரின் மூன்று பவுனுக்கு இரண்டு விளக்கம் உண்டு. மூன்ஸ்டர்பெர்க்கின் ஏழு துணிகள் மாதிரி, பிறகு ஞாபகம் வந்திருக்கலாம். அல்லது நஷ்டத்தைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பில், அடகு ரசீது, கல்யாண ஆல்பத்துப் படம் ஏதாவது இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் அந்த மூன்று பவுனை ஒதுக்கிவைக்க வேண்டியதுதான். அதற்காக வீட்டில் திருட்டே நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா? ‘ஒன்றில் பொய் சொன்னவன் எல்லாவற்றிலும் பொய் சொல்வான்’ என்ற பழைய லத்தீன் வாசகம் இந்தியாவில் சட்டவிதி அல்ல என்று நிசார் அலி வழக்கில் 1957-லேயே சொல்லியாயிற்று. உமியை ஊதிவிட்டு அரிசியை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் பிரிக்கவே முடியாமல் கலந்துகிடந்தால் மட்டும் மொத்தத்தையும் கொட்டலாம்.

அடகுக் கடைக்காரர் விஷயமும் இதுவே. சொன்னதிலிருந்து பின்வாங்கும் அவரைப் பிறழ் சாட்சி என்பார்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞரே நீதிமன்ற அனுமதியோடு அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பிறழ் சாட்சி என்றதும் அவர் சொன்னது அத்தனையும் அழிந்துவிடாது என்று சத் பால் வழக்கில் 1975-ல் தீர்ப்பு இருக்கிறது. ‘இவர்தானா தெரியவில்லை’ என்றவர், ‘இந்த ரசீது என் கடையுடையது, இந்தத் தேதியில் இந்த ஆரம் அடகுக்கு வந்தது, பதிவேட்டில் உள்ளது என் கையெழுத்து’ என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பகுதி வழக்குக்குப் போதுமான அளவு வெயிட்டானது.

கையில் இருந்த பொருள்

திருட்டு வழக்குக்கென்றே சட்டத்தில் ஓர் ஊகம் உண்டு. களவுபோன பொருள் கொஞ்ச காலத்துக்குள் ஒருவர் கைவசம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் கணக்குச் சொல்ல முடியவில்லை என்றால், அவர் திருடியவர், இல்லாவிட்டால் திருட்டுப்பொருள் என்று தெரிந்தே வாங்கியவர் என நீதிமன்றம் ஊகிக்கலாம். பழைய சட்டத்தில் 114, புதியதில் 119. ‘ஊகிக்கலாம்’ என்பதையும் ‘இல்லாவிட்டால்’ என்பதையும் அவசரத்தில் தாண்டிப் போய்விடக் கூடாது. ஊகித்தே ஆக வேண்டும் என்றில்லை. ஊகித்தாலும் வீட்டுக்குள் நுழைந்தவர் அவர்தான் என்று தானாக ஆகிவிடாது.

மதுரையில் கோவலன் கதை முடிந்தது இந்த இடத்தில்தான். சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்றான் பாண்டியன். கையில் இருப்பது ராணியின் சிலம்புதானா, எப்படி வந்தது என்று கேட்கவில்லை. ராணியின் சிலம்பைத் தானே திருடிய பொற்கொல்லன்தான் சாட்சி. பார்த்தால் கொலைப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்று காவலரே தயங்கியபோது, கள்வர்களின் தந்திரங்களைப் பற்றி அவன் ஒரு நீண்ட பிரசங்கமே செய்தான். கண்ணகி வந்து கேட்ட பிறகுதான் சிலம்பை உடைத்துப் பார்த்தார்கள். ராணியுடையதில் முத்து, இதில் மாணிக்கம்.

ஆகவே நம் வழக்கிலும் ஆரத்தையே பார்க்க வேண்டும். இளைஞர் போலீஸ் காவலில் சொன்ன இடத்தில் அடகுச் சீட்டு கிடைத்தது, அதை வைத்துக் கடையில் ஆரத்தைக் கைப்பற்றினார்கள் என்று வைத்துக்கொள்வோம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஆனால் அதன் வழியாகப் புதிதாக ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேராக இட்டுச்சென்ற பகுதி மட்டும் ஏற்கப்படும். அன்று இந்திய வழக்குகளுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், 1946-ல் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் போட்ட எல்லைக்கோடு இது. ‘சீட்டை வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன்’ செல்லும். ‘திருடின நகையோட சீட்டு’ என்பதில் ‘திருடின’ செல்லாது. தமிழ்நாட்டில் இப்படிக் கைப்பற்றுவதை எழுதும் மகஜரில் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். மகஜர் எழுதிய நேரத்தை வி.ஏ.ஓ. மாலை நாலு என்றும் ஆய்வாளர் ஐந்து என்றும் சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதில் இருவரும் முரண்பட்டால் ஆட்டம் கண்டுவிடும்.

மச்சானுக்கும் நியாயம் செய்ய வேண்டும். எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு சாட்சி, அதுவும் உறவுக்காரர் என்பதால் மட்டமாக நினைக்கக் கூடாது. இரு தரப்பு சாட்சிகளையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லி 1981-ல் தூத்நாத் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் சொல்வது முழுக்க உண்மையாகவே இருக்கட்டும். சாமி புறப்பாடு பதினொரு மணிக்கு முடிந்தது, பிறகு மாப்பிள்ளை எங்கே படுத்தார் என்று தெரியாது என்றால், 15 கிலோமீட்டரை பைக்கில் கடக்க அரைமணி நேரம் போதும். வேறிடத்தில் இருந்தேன் என்ற வாதம் நிற்க வேண்டுமானால், இங்கே இருந்திருக்கவே முடியாது என்ற அளவுக்கு இறுக வேண்டும். சாட்சி உண்மை பேசுகிறார், ஆனால் அந்த உண்மை இரண்டரை மணி வரைக்கும் எட்டவில்லை.

இனி மிஞ்சுவது, கைப்பற்றிய ஆரம் அந்த வீட்டுடையதுதானா என்பது. ஒரே டிசைனில் ஊருக்கு நூறு ஆரம் இருக்கும். வீட்டுக்காரரின் மனைவி, திருட்டு நடந்த அன்றே, நகை கிடைப்பதற்கு முன்பே, “கொக்கி ஒடிஞ்சு பத்தர்கிட்ட பத்தவெச்சு வாங்கினது” என்று சொல்லி, அது அன்றைய தேதியில் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தரும் வந்து பத்தவைத்த இடத்தைக் காட்டுகிறார். இளைஞரோ ஆரம் எப்படி வந்தது என்பதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இது போதும். திருட்டு நடந்து இரண்டே நாள், பொருள் அவர் வழியாகப் போயிருக்கிறது, திருட்டு நடந்த இரவில் தெருவில் பையோடு ஒருவன் நடந்திருக்கிறான். நீதிபதி ஒருவர் திருட்டு என்று தீர்ப்பெழுதலாம். இன்னொருவர், உள்ளே நுழைந்ததைப் பார்த்தவர் இல்லை என்று, திருட்டுப்பொருளை வைத்திருந்த குற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டும் இந்தச் சாட்சியத்துக்குள் அடங்குபவை.

பைக்கில் இருந்த இரண்டாவது ஆள் யார் என்பதற்குக் காவலாளியின் வார்த்தையைத் தவிர எதுவும் இல்லை. அவர் இருந்தார் என்று நம்பலாம். இன்னார் என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் விட்டுவிட வேண்டியதுதான். சட்டை வெள்ளையா நீலமா என்பது கடைசிவரை தெரியாமலே போகும். தீர்ப்பில் அதற்கு ஒரு வரிகூடத் தேவைப்படாது.